பந்தலில் சொன்ன பெயர்

முப்பத்தொரு வருஷமாக மன்ராகன் சாஹுவின் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததில்லை. கதை சொல்கிறவனுக்குத் தடை ஒன்றும் இல்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்: பிசாஹு. ஊரில் இன்னொரு பிசாஹுவும் இருந்தான், ஆட்டு வியாபாரி. அவனை மன்ராகன் "ஏம்ப்பா ஆட்டுக்காரா" என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை கூட்டுறவு சங்கத்தில் பட்டியலை வாசிக்கச் சொன்னார்கள். அந்தப் பெயர் வந்த இடத்தில் மன்ராகன் நிறுத்தினார், தொண்டையைச் செருமினார், "இது நம்ம மகாபிரசாத்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. சத்தீஸ்கர் பக்கம் சாமி பிரசாதம் ஊட்டி ஒருவரை உயிர்ச் சிநேகிதராக, அதாவது மகாபிரசாத் ஆக்கிக்கொண்டால் பிறகு அவர் பெயரைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொன்னால்கூட எங்கள் ஊர் மன்னித்துவிடும்.

இருவரும் இருபத்திரண்டு வயதில் தேர்த் திருவிழாவுக்கு ஜகந்நாதபுரி போனார்கள். ஊரிலிருந்து ஒன்பது பேர், ரயிலில் கழிவறை வாசலில் உட்கார்ந்த பயணம். மன்ராகன் எண்ணெய்ச் செக்குக் குலம், நாற்பது ஏக்கர் நெல் வயல் உள்ள வீடு. பிசாஹுவின் குலத்துக்கு நெசவும் மேளமும் தொழில், ஊரின் கடைசித் தெருவில் வீடு. ஊரில் அவர் நிழல்கூடத் தள்ளித்தான் விழும். புரியில் இறங்கிய அன்றே மன்ராகனுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. கூட வந்த சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாமி பார்க்கப் போய்விட்டார்கள். மூன்று நாள் துணி அலசிப் போட்டு, கஞ்சி வாங்கிக் கொடுத்து, மடியில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் பிசாஹுதான். தேரைக்கூட அவர் பார்க்கவில்லை.

நாலாம் நாள் எழுந்து நடக்க முடிந்ததும் கோயில் மதிலுக்குள் சோறு விற்கும் இடத்துக்கு மன்ராகன் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். மண்சட்டியில் சாமிக்குப் படைத்த சோறு, பருப்பு. மன்ராகன் ஒரு கவளம் அள்ளி அவர் வாய்க்கு நேராக நீட்டினார். பிசாஹு பின்வாங்கினார்.

"ஊர்ல தெரிஞ்சா உன்னைத் தள்ளி வெச்சிடுவாங்க."

"இது ஜகந்நாதர் சோறு. இதுல யார் கை பட்டாலும் தீட்டு இல்ல. நாய் வாய் வெச்சதக்கூட வேணாம்னு சொல்லக் கூடாது. வாயத் திற."

பிசாஹு திறந்தார். பிறகு அவர் ஊட்டினார். சோறு விற்ற கிழவர் இருவருக்கும் ஆளுக்கொரு துளசி இலை கொடுத்து, "சாமி சாட்சி" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து 'நீ' போய் 'நீங்க' வந்தது, பெயர் போய் மகாபிரசாத் வந்தது. பார்த்த இடத்தில் ஒருவர் "சீதாராம், மகாபிரசாத்" என்பார், மற்றவரும் அதையே திருப்பிச் சொல்வார்.

அது வாய்ப்பேச்சு உறவு அல்ல. மன்ராகனின் அப்பா செத்தபோது பிசாஹு மொட்டை போட்டுக்கொண்டு பத்து நாளும் குளத்துப் படித்துறையில் பிள்ளையாக நின்றார். மன்ராகனுக்குப் பெண் பிறந்தபோது பிசாஹுவின் மனைவி கேஜாதான் மூன்று மாதம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அந்தப் பெண் ஹேமின், பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவர்களைப் பூவப்பா, பூவம்மா என்றுதான் கூப்பிட்டாள். மகாபிரசாத்தின் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

ஒன்றையும் மறைப்பானேன். இத்தனைக்கும் பிறகு பிசாஹு வீட்டில் மன்ராகன் ஒருவேளைகூடச் சோறு தின்றதில்லை. கோயில் சோறு வேறு, வீட்டுச் சோறு வேறு என்று தனக்குத்தானே ஒரு வேதாந்தம் வைத்திருந்தார். வியாழக்கிழமை தோறும் பஜனை மண்டலியில் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லா உயிருக்குள்ளும் இருக்கிறவன் ஒருவனே என்று கண்ணை மூடிப் பாடுகிறவரும் அவர்தான். பிசாஹு ஒருநாளும் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. கூப்பிடாமல் இருப்பதுதான் அவருடைய பெரிய மனசு என்று மன்ராகனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டார்.

ஹேமினுக்கு ராய்ப்பூரில் இடம் கூடி வந்தது. மாப்பிள்ளை கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவன். அவன் அப்பா லேக்ராம் சாஹு, நீர்ப்பாசன இலாகாவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இதைப் பேசி முடித்தவன் மன்ராகனின் மைத்துனன் சமேலால். எதிலும் மூக்கை நுழைத்து, நுழைத்த இடத்தில் தன் பேச்சுதான் நிற்க வேண்டும் என்று நினைக்கிற ஜாதி. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் மன்ராகனைத் தனியாகக் களத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"மச்சான், ராய்ப்பூர்க்காரங்க மேலுக்குச் சிரிப்பாங்க. உள்ளுக்குள்ள ஒண்ணொண்ணா எடை போடுவாங்க. சம்பந்தி தழுவுற நேரத்துல உங்க மேளக்காரரக் கொண்டாந்து முன்னாடி நிறுத்திடாதீங்க."

"மேளக்காரர் இல்லடா. என் மகாபிரசாத்."

"உங்களுக்கு. பாக்கிறவங்களுக்கு?"

அந்த இடத்தில் ஒரு அதட்டல் போட்டிருந்தால் கதையே இல்லை. மன்ராகன் வாயை மூடிக்கொண்டார். மகாபிரசாத்திடம் தானே பக்குவமாகச் சொல்லிவிடலாம், அவர் புரிந்துகொள்வார் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டார். சொல்லத்தான் மூன்று தடவை கடைசித் தெருவுக்குப் போனார். முதல் தடவை பிசாஹு ஹேமினுக்கென்று தறியில் ஏற்றியிருந்த சேலையைக் காட்டினார், வெள்ளையில் சிவப்புக் கரை. இரண்டாம் தடவை தனக்கு வாங்கிய ரோஜா நிறத் தலைப்பாகையைக் கட்டிக் காட்டி, "மாப்பிள்ளையே நான்தான்னு நினைச்சிடப் போறாங்க" என்றார். மூன்றாம் தடவை மன்ராகன் வாசலிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

கல்யாணத்தன்று சாயங்காலம் நாலரை மணிக்கு மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேர்ந்தது. பந்தலுக்கு முன்னால் இந்தப் பக்கம் பெண் வீட்டு ஆண்கள், அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள். பெண்கள் வழக்கம்போலச் சம்பந்திகளை வசை பாடிக்கொண்டிருந்தார்கள், லேக்ராமின் தொப்பை பாட்டில் நன்றாகவே அடிபட்டது. சமேலால் நடுவில் நின்று உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டான். அப்பாவுக்கு அப்பா, தாய்மாமனுக்குத் தாய்மாமன், பெரியப்பாவுக்குப் பெரியப்பா. ஒருவர் முன்னே வந்து மாலை போட, இன்னொருவர் திருப்பிப் போட, இருவரும் கட்டித் தழுவ வேண்டும். லேக்ராம் மன்ராகனைத் தழுவியதோடு விடாமல் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கியும் இறக்கினார். கூட்டம் கைதட்டியது. எல்லாம் முடிந்த பிறகு அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இந்த வரிசையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார்.

"அவ்வளவுதானா சம்பந்தி? இன்னும் யாராச்சும் உண்டா?"

பிசாஹு சாமந்தி மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தார். ரோஜாத் தலைப்பாகை, புது வேட்டி, வாயெல்லாம் சிரிப்பு. சமேலால் மன்ராகனைப் பார்த்தான். மன்ராகன் பிசாஹு பக்கம் திரும்பினார்.

"பிசாஹு, நீ எங்க இங்க வந்து நிக்கிற? மேளத்துக்கிட்ட போ."

பெயரும் சொன்னார், 'நீ'யும் சொன்னார். பாடிக்கொண்டிருந்த பெண்கள் அடி மறந்து நின்றார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தவன் பிசாஹுவின் தம்பி மகன், அவன் கை தானாக நின்றது. ராய்ப்பூர்க்காரர்களுக்கு என்ன தெரியும், சடங்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் மன்ராகன் முகத்தைப் பார்க்கவில்லை, பிசாஹு முகத்தையும் பார்க்கவில்லை.

"சரிங்க" என்றார் பிசாஹு. மேளக்காரர்கள் நின்ற வேப்பமரத்தடிக்கு நடந்து போனார். மாலையைப் பெரிய மேளத்தின் கழுத்தில் போட்டார். தம்பி மகன் கையிலிருந்து குச்சிகளை வாங்கி அடிக்கத் தொடங்கினார். இருபது வருஷத்துக்கு மேல் மேளத்தைத் தொடாதவர். அப்படி ஒரு அடியை எங்கள் ஊர் கேட்டதில்லை. லேக்ராம் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துவிட்டு, "உங்க ஊர் மேளக்காரர் பிரமாதம் சம்பந்தி!" என்றார்.

மன்ராகன் சிரித்தார். சிரித்துத் தொலைத்தார். பெயரைச் சொன்னதையாவது பயத்தில் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதன்பிறகு பந்தலில் நடந்தது ஒன்றும் அவர் மனசில் ஏறவில்லை. பெண்ணுக்கு அட்சதை வைத்துச் சீர் கொடுக்கும் நேரத்தில் ஹேமின் கண் ஒவ்வொரு தலையாகத் தேடியதை மட்டும் பார்த்தார். அவள் உள்ளே அலங்காரத்தில் இருந்ததால் வாசலில் நடந்தது அவளுக்குத் தெரியாது. மேளம் வெளியே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பெண்ணை அனுப்பும் நேரம். ஹேமின் அம்மா ரம்ஹினைக் கட்டிக்கொண்டு அழுதாள், அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், காரில் காலை வைத்தாள். வைத்த காலை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நேராக நடந்தாள். அங்கே மேளங்களைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முக்காடும் மாலையுமாகப் புழுதியில் மண்டியிட்டுப் பிசாஹுவின் காலைத் தொட்டாள்.

"பூவப்பா, எனக்கு அட்சதை வைக்க ஏன் வரல?"

"வாத்தியத்த விட்டுட்டு வர முடியலடா தாயி." பிசாஹு சேலை மூட்டையை அவள் கையில் வைத்து, நெற்றியில் விரலால் தொட்டார். "நல்லா இரு."

லேக்ராம் மருமகளைத் தேடிக்கொண்டு பின்னால் வந்திருந்தார். "யாரும்மா இவர்?"

"எங்கப்பாவோட மகாபிரசாத், மாமா. எனக்குப் பூவப்பா."

லேக்ராம் கண்ணாடியைக் கழற்றினார். பிசாஹுவைப் பார்த்தார், மாலை தொங்கிய மேளத்தைப் பார்த்தார், பிறகு மன்ராகன் பக்கம் திரும்பி அவரைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஜகந்நாதர் சோறு தின்னதா?"

"ஆமா."

"அவரையா நேத்து பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க?"

மன்ராகன் தரையைப் பார்த்தார்.

"எனக்கும் ஒருத்தர் இருக்கார் சம்பந்தி. செருப்புத் தைக்கிறவர் வீட்டுப் பிள்ளை. எங்கம்மா செத்தப்போ எனக்கு முந்தி மொட்டை போட்டுக்கிட்டவர். நேத்து பச்சைத் தலைப்பாகை கட்டிக்கிட்டு என் பக்கத்துலதான் நின்னாரு, கையில மாலையோட. இன்னும் யாராச்சும் உண்டான்னு எதுக்குக் கேட்டேன்? உங்க பக்கத்துல ஒரு மகாபிரசாத் இருந்தா இவரோட தழுவட்டும்னுதான்." லேக்ராம் குரலை உயர்த்தவில்லை. "நாலாம் நாள் பொண்ணக் கூட்டிட்டுப் போக வரும்போது அவரோட வாங்க."

யாருக்குப் பயந்து அதைச் செய்தாரோ அந்த மனிதரே இப்படிக் கேட்டுவிட்டுப் போனார். கார் போன புழுதி அடங்கும் வரை மன்ராகன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

வாய் தவறி மகாபிரசாத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் ஒரு தேங்காய் கொடுத்து மன்னிப்புக் கேட்பது வழக்கம். அன்று உச்சிவெயிலில், எல்லோரும் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த நேரமாகப் பார்த்து, மன்ராகன் ஒரு தேங்காயைத் துண்டில் சுற்றிக்கொண்டு வயல் வரப்பு வழியாகக் கடைசித் தெருவின் கொல்லைப்பக்கம் போனார். கேஜா அங்கே நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சாஹு ஐயா. கொல்லை வழியா வர்றீங்க, எங்க முன்வாசல் இடிஞ்சா கெடக்கு?"

பிசாஹு தறியிலிருந்து எழுந்து வந்து கட்டிலை உதறிப் போட்டார். "உக்காருங்க."

"சீதாராம், மகாபிரசாத்" என்றார் மன்ராகன். எதிர்ச் சொல் வரவில்லை. "வாய் தவறிடுச்சு."

"முப்பத்தொரு வருஷம் ஒருநாளும் தவறாத வாய், நேத்து மட்டுமா தவறிச்சு?" பிசாஹு நிதானமாகத்தான் கேட்டார். "யோசிச்சுச் சொன்னதுதானே?"

பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "ஆமா. யோசிச்சுத்தான் சொன்னேன். பத்து நாளா யோசிச்சேன். பயமா இருந்துச்சு."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நானே கூட்டத்துல பின்னாடி நின்னிருப்பேனே."

 மன்ராகன் துண்டைப் பிரித்துத் தேங்காயை எடுத்தார். கேஜா நூலை வைத்துவிட்டு எழுந்தாள்.

"பந்தல்ல ஊர் பாக்க அறைவீங்க, கொல்லையில யாரும் பாக்காம தடவிக் கொடுப்பீங்களா? அத எடுத்துக்கிட்டுப் போங்க."

"கேஜா" என்றார் பிசாஹு. அதற்குமேல் அவளைத் தடுக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மன்ராகன் தலைப்பாகை இல்லாமல், செருப்பு இல்லாமல், கையில் தேங்காயோடு கடைத்தெரு வழியாக நடந்தார். டீக்கடையில் பேச்சு நின்றது. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. கடைசித் தெருவுக்குள் நுழைந்தபோது அவருக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். பிசாஹு வீட்டு முன்வாசல் கல்லில் தேங்காயை உடைத்தார். குரல் கடைசி ஆளுக்கும் கேட்டது.

"மகாபிரசாத், ஊர் முன்னாடி உங்க பேரச் சொல்லிட்டேன். சாமி சாட்சியா ஊட்டின கையை நானே தட்டி விட்டுட்டேன். தப்பு என்னுது."

குனிந்து காலைத் தொடப் போனவரைப் பிசாஹு தோளைப் பிடித்து நிறுத்தினார். தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கி, கீறி, நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார், மன்ராகனுக்கும் கொடுத்தார். "முடிஞ்சுதுங்க. நாலாம் நாள் நானும் வர்றேன்" என்றார். கூட்டம் கலகலத்தது. மன்ராகன் அழுதுவிட்டார். அவர் காத்திருந்த 'மகாபிரசாத்' என்ற ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை என்பது அந்தக் கலகலப்பில் அவருக்கு உறைக்கவில்லை.

ராய்ப்பூரில் லேக்ராம் வாசலுக்கே ஓடிவந்தார். பச்சைத் தலைப்பாகைக்காரர் சாமந்தி மாலையோடு தயாராக நின்றார். அவரும் பிசாஹுவும் மாலை மாற்றிக்கொண்டு தழுவினார்கள். லேக்ராம் இருவரையும் சேர்த்துத் தூக்கப் பார்த்து முடியாமல் தானே சரிந்தார், வீடே சிரித்தது. சாப்பாட்டு வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, நாக்கு நீளமானவள், பாயசத்தை ஊற்றிக்கொண்டே பிசாஹுவிடம் கேட்டாள்.

"பந்தல்ல என்னவோ நடந்துச்சாமே, எங்க பையன் ஒருத்தன் வழியாக் காதுக்கு வந்துச்சு. உண்மையச் சொல்லுங்க, இவரு உங்களுக்கு யாரு?"

பரிமாறிக்கொண்டிருந்த ஹேமினின் கை நின்றது. புது மருமகள், புகுந்த வீட்டில் நாலாவது நாள். அவள் முகம் போன போக்கைப் பிசாஹு பார்த்தார். இடது கையை மன்ராகனின் தோள்மேல் போட்டு அணைத்துக்கொண்டார்.

"இவரா? என் மகாபிரசாத். நடந்தது எங்களுக்குள்ள விளையாட்டு. நீங்க பாயசம் ஊத்துங்க."

மன்ராகனுக்குச் சோறு இறங்கியது. நாலு நாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் ஹேமினும் அவள் அம்மா ரம்ஹினும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள், இவர்கள் இருவரும் அதற்குப் பின்னால். ஆரங் ஊரைத் தாண்டி மகாநதிப் பாலம் வரும் வரை மன்ராகன் பொறுத்துக்கொண்டார். பிறகு மெல்ல அவர் பக்கம் சாய்ந்தார்.

"மகாபிரசாத், உங்க வாயால அந்த வார்த்தையக் கேட்ட பின்னாடிதான் எனக்கு உசிரே வந்துச்சு."

பிசாஹு ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது பொண்ணுக்காகச் சொன்னது, மன்ராகன் ஐயா."

மன்ராகன் சாய்ந்த உடம்பை விலக்கிக்கொண்டார்.

"உங்கமேல வருத்தம் எதுவும் வெச்சுக்கல. தேங்காய் வாங்கித் தின்னாச்சு, அதோட அது தீந்துச்சு. நாலு பேர் முன்னாடி எப்ப வேணும்னாலும் சொல்லுவேன், ஹேமினுக்கு ஒரு கொறையும் வராது. தனியா இருக்கும்போது சொல்லலாம்னு பாக்கிறேன். வர மாட்டேங்குது."

முப்பத்தொரு வருஷம் கழித்து மன்ராகன் தன் பெயரை அந்த வாயிலிருந்து கேட்டார். மரியாதையோடுதான் வந்தது. முன் சீட்டிலிருந்து ஹேமின் திரும்பி, "பூவப்பா, தண்ணி வேணுமா?" என்று பாட்டிலை நீட்டினாள். பிசாஹு வாங்கி இரண்டு மடக்குக் குடித்துவிட்டு அதை மன்ராகனிடம் கொடுத்தார். மன்ராகன் வாங்கிக்கொண்டார். தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.